மாமாவுக்கு மூன்று அம்புகள்

அப்பா என் மாமாவை அம்பெய்து கொல்லப்போகிறார் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். அதுவும் கோயில் திருவிழாவில், பங்குச்சாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ராயபுரமே பார்த்துக்கொண்டிருக்க. அப்படி நம்புவதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. அவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. காசிமேட்டில் பிறர் படகில் போய்க்கொண்டிருந்தவர், கூட்டாளிகளோடு சேர்ந்து சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார். பங்குச்சாமியார் வந்து படகை மந்திரிக்கும் நாளுக்கு எல்லா வீட்டுக்கும் தானே நேரில் போய் அழைத்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பையனிடம் சொல்லி அனுப்பினார். அக்கா வீடுதானே, அதற்கெல்லாம் முறையா என்று நினைத்திருக்கலாம். ஆனால் அக்கா வீட்டில் அக்காவின் கணவர் என்று ஒருவர் இருந்தார். அப்பா போகவில்லை. அம்மாவையும் என்னையும் அனுப்பிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டார். பூசை முடிந்து திரும்பிப் பார்த்தபோது மச்சான் இல்லை என்பதைக் கண்ட மாமாவுக்கு அவர் பங்குக்குக் கோபம். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. ஒரே தெருவின் இரண்டு முனைகளில் குடியிருந்துகொண்டு, ஒரே பூசைக்குப் போய்க்கொண்டு, ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது சுலபமான காரியமில்லை. இருவரும் அதை ஒரு வேலையைப் போல ஒழுங்காகச் செய்துவந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் கோயிலில் ஜனவரி மாதம் செபஸ்தியார் திருவிழாவுக்கு முந்தைய நாள் மாலை நாடகம் நடக்கும். அரசனின் படைத்தலைவராக இருந்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததற்காக மரத்தில் கட்டி அம்பெய்யப்பட்டவர் செபஸ்தியார். அம்மை நோய் வராமலிருக்க எங்கள் பக்கத்தில் அவரிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். வலை இழுத்து இழுத்து உரமேறிய உடம்பு என்பதால் செபஸ்தியார் வேடம் வழக்கமாக மாமாவுக்கு. மேடை கட்டும் வேலை, துறைமுகத்தில் தச்சராக இருந்த அப்பாவுக்கு. அந்த வேலைக்கு வசனம் எதுவும் கிடையாது என்பதால் சண்டைக்குப் பிறகும் இடைஞ்சல் வரவில்லை.

முந்தைய ஆண்டு நாடகத்தில்தான் சிக்கல் வந்தது. தங்கத்தாள் சுற்றிய துடைப்பக்குச்சியை அம்பு என்று சொல்லிப் படைவீரன் எய்தான். அது பாதி மேடை வரை போய், யோசித்து, மாமாவின் காலடியில் விழுந்தது. மேலே பார்த்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்த மாமாவை நோக்கிக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"செபஸ்தியாரே, அத்த எடுத்துக் குடுத்துடுபா! பாவம், இன்னொரு தபா வுடட்டும்!"

பங்குச்சாமியாரே சிரித்துவிட்டார் என்பதுதான் நாடக மாஸ்டருக்குத் தாங்கமுடியாத வேதனை. அவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். அடுத்த நாடகத்துக்கான கூட்டத்தில், இனி அம்பு பறந்துபோய் மரத்தில் குத்தி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் தனக்கு நாடகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு நிஜ அம்பு வேண்டுமே, யார் செய்வது, ஓர் ஆளைக் கட்டிவைத்துக்கொண்டு பக்கத்தில் யார் எய்வது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது, மூலையில் நின்றிருந்த அப்பா, "நான் செய்றேன். செஞ்சா நான்தான் வுடுவேன். வேற எவன் கையிலயும் குடுக்கமாட்டேன்" என்றாராம். கூட்டம் மாமாவின் பக்கம் திரும்பியது. மாமா மாஸ்டரைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்ல. யார் வுட்டா இன்னா" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுப் பேசினாள். "ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. நடுவுல குந்திகினு நான் இன்னாத்தப் பாக்கறது? வேணாங்க. ஏதாவது ஆச்சுன்னா கோவத்துல செஞ்சான்னுதான் ஊரு சொல்லும்."

அப்பா குழம்பு கேட்டார். அம்மா சொன்ன கடைசி வரி மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. அது என்னுடைய முதல் காரணம்.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி எண்ணூரில் இறங்கி, கால்வாய் ஓரம் நாணல் வெட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் ஒருவர், "இன்னா நைனா, பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே. கரும்புக்கு இன்னா ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டதாகச் சொன்னார். பச்சையாக இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, மஞ்சளாக முற்றியதை மட்டும் எடுத்திருந்தார். அவற்றைக் கட்டுக்கட்டாகக் கட்டி, வெயில் படாமல் பரணில் காயவைத்தார். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் கரியடுப்பின் அனலில் காட்டி, கோணல் இருக்கும் இடம் சூடேறியதும், சாய்வாகத் துளைபோட்ட ஒரு மரக்கட்டையில் நுழைத்து மெல்ல நெம்புவார். பிறகு ஒரு கண்ணை மூடி, நாணலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பார். மறுபடி அனல், மறுபடி கட்டை. பலகையின் விளிம்பைப் பார்க்கும் அதே பார்வை.

முதல் தொகுப்பை அவர் ஒரு தச்சராகவே செய்தார். நாணலின் கணுக்கள் புடைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாற்காலியின் கை போல வழவழவென்று ஆக்கினார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தன. கொல்லையில் மூங்கில் வில்லை வளைத்து முதல் அம்பை விட்டதும் அது கணுவிலேயே முறிந்து, ஒரு சிம்பு அவர் இடது கட்டைவிரலுக்குக் கீழே ஏறியது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டும்போது அப்பா வலியைப் பற்றிப் பேசவில்லை. முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துக்கு மேல்தோல் கழிவு, இதற்கு மேல்தோல்தான் மரம் என்று, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். தேய்த்த அத்தனையையும் அடுப்பில் போட்டார்.

இரண்டாவது தொகுப்பில் கணுக்களை அப்படியே விட்டார். முன்பக்கத்துக் குழலில் பனஞ்சிம்பைச் செருகி, தலை நீக்கி அரத்தால் கூராக்கிய ஆணியை அதில் பொருத்தினார். நாண் கடிக்கும் பள்ளத்தைக் கணுவை ஒட்டி வெட்டி, பிளக்காமலிருக்க வலைநூலால் சுற்றினார். இறகுக்கு வான்கோழி. எங்கள் பின்தெருவில் வான்கோழி வளர்த்த ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் முடிந்ததும் பை நிறைய இறகு வந்தது. இடது சிறகின் இறகு ஒரு குவியல், வலது சிறகின் இறகு ஒரு குவியல். ஓர் அம்பில் இரண்டும் கலந்தால் அது சுழலாமல் தடுமாறும் என்பதை அவரே இரண்டு அம்புகளைக் கெடுத்துக் கண்டுபிடித்தார்.

எனக்கு விளங்காத வேலை ஒன்று இருந்தது. சுவரில் இரண்டு ஆணி அடித்து, அவற்றின் மேல் நாணலைக் கிடத்தி, நடுவில் எங்கள் வீட்டு வாசல் பூட்டைத் தொங்கவிடுவார். நாணல் எவ்வளவு வளைகிறது என்று சுவரில் பென்சில் கோடு. எல்லாம் ஒரே கோட்டுக்கு வளைய வேண்டும். விறைப்பாக இருப்பது இடப்பக்கம் போகும், துவள்வது வலப்பக்கம் போகும் என்றார். எந்தப் பக்கமும் போகாமல், நினைத்த இடத்துக்கு நேராகப் போகும் அம்புதான் அவருக்கு வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. நினைத்த இடம் எது என்பதுதான் என் கவலை. கொல்லையில் வாழைத்தண்டுக் கட்டை நிறுத்தி எய்து பார்க்கும்போது, ஓர் அம்பு ஒரு விரல்கடை விலகிக் குத்தினாலும் அதை முழங்காலில் வைத்து ஒடித்துவிடுவார். யாரோ ஒருவர்மேல் அவ்வளவு கோபம் இல்லாமல் ஒரு மனிதர் அவ்வளவு அம்புகளை ஒடிப்பாரா? இது இரண்டாவது காரணம்.

மூன்றாவது காரணத்தை நான் கண்ணால் கண்டேன். மாமாவின் சட்டை ஒன்று காலர் திருப்பித் தைப்பதற்காக அம்மாவின் தையல் மெஷின் மேல் கிடந்தது. பள்ளியிலிருந்து திரும்பியபோது அந்தச் சட்டை கொல்லையில் இருந்தது. உள்ளே வைக்கோல் திணித்து, கைகளை விரித்து, வாழைத்தண்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அதற்கு எதிரே அப்பா வில்லோடு நின்றிருந்தார்.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க, அது எந்தம்பி சட்டைங்க."

"தெரியும். அதனாலதான் எடுத்தேன்" என்றார் அப்பா.

அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. புத்தகப்பையை வைத்துவிட்டு நேரே கடற்கரைக்கு ஓடினேன். கற்கள் கொட்டிய கரையில் மாமா கூட்டாளிகளோடு உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, வைக்கோல், வில், அப்பா சொன்ன பதில், முழங்காலில் ஒடியும் அம்புகள்.

கூட்டாளி ஒருவர் விசில் அடித்தார். "மாமு, உங்க மச்சான் முடிவோட கீறாரு. இப்பவே பெட்டிக்கு அளவு குட்த்துடு, அவுரே பண்ணிக்குவாரு."

மாமா சிரிக்கவில்லை. ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சட்டைல எங்கயாவது ஓட்ட கீதா?"

யோசித்துப் பார்த்தேன். ஓடிவருமுன் நன்றாகத்தான் பார்த்திருந்தேன். அம்புகள் எல்லாம் சட்டைக்கு வெளியே, தண்டில்தான் குத்தி நின்றன.

"இல்ல மாமா."

"ஒண்ணுகூட இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப சர்தான். வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கும் அது விளங்கிவிட்டது. அப்பாவுக்குக் குறி தெரியவில்லை. அவ்வளவு பெரிய சட்டையில் ஒரு தடவைகூட அவரால் அடிக்க முடியவில்லை. மாமாவுக்கு ஆபத்து இல்லை. அந்த ஆறுதலோடு கூடவே அப்பாவை நினைத்து ஒரு சங்கடமும் வந்தது. மற்றவர்கள் பார்க்க அவர் தோற்றுவிடப் போகிறாரே.

ஒத்திகைகளில் அப்பா வெறும் வில்லோடுதான் நின்றார். ஆளை வைத்துக்கொண்டு பழகக் கூடாது, திருவிழா அன்று ஒரே தடவைதான் என்று சொல்லிவிட்டார். பேச்சு முழுவதும் மாஸ்டர் வழியாக நடந்தது.

"மாஸ்டர், எடது கைய இன்னும் ஒசத்திக் கட்டச் சொல்லுங்க" என்பார் அப்பா.

மாஸ்டர் இருவருக்கும் நடுவில் நின்று, "இன்னாபா, கேட்டுச்சா?" என்பார்.

"கேக்கல மாஸ்டர். நீங்க சொல்லுங்க" என்பார் மாமா, கையை ஏற்கெனவே உயர்த்திக்கொண்டு.

நாடகத்தன்று கோயில் மைதானம் நிறைந்திருந்தது. அம்மாவும் நானும் முன்னால் பாயில் உட்கார்ந்தோம். அம்மா செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, நாடகம் தொடங்குமுன்பே கண்ணை மூடிவிட்டாள். "எதுனா ஆனா மட்டும் சொல்லுடி" என்றாள்.

தீர்ப்புக் காட்சி முடிந்து திரை விலகியபோது, மேடையின் வலது கோடியில் வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டிய மரத்தில் மாமா நின்றிருந்தார். இடுப்பில் வெள்ளை வேட்டி, மேலே ஒன்றும் இல்லை. இடது கோடியிலிருந்து அப்பா வந்தார். அட்டைக் கவசமும் சிவப்புத் துணியும் அணிந்திருந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று கூட்டம் ஒரு கணம் யோசித்தது. அதற்குள் முதல் அம்பு போய்விட்டது. மாமாவின் வலது தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில் தண்டில் குத்தி, வால் நடுங்கியது. இரண்டாவது அம்பு உயர்த்திக் கட்டிய இடது கையின் அக்குளுக்குக் கீழே போய் நின்றது. இப்போது பெண்கள் பக்கம் ஒரு கூச்சல். அம்மா என் கையைப் பிடித்தாள். "இன்னா ஆச்சு?" "படல மா" என்றேன். இரண்டும் தவறிவிட்டன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது அம்பை நாணில் வைத்து இழுத்தபோது காற்று எழுந்தது. கடலை ஒட்டிய மைதானம். கொல்லையில் நான்கு சுவர் நடுவே பழகிய அம்பு. மேடைக்கு மேலே கட்டியிருந்த காகிதத் தோரணங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன. அப்பா இழுத்த வில்லோடு நின்றார். பிறகு மெல்ல வில்லைத் தாழ்த்தினார். எந்த ஊர்ப் படைவீரனும் செய்யாத காரியம் அது.

"இன்னாபா, தூங்கிட்டியா?"

"அம்பு வருமா, நாங்க வூட்டுக்குப் போவட்டுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர், "வுடுபா, வுடு" என்று கெஞ்சுவது முன்வரிசை வரை கேட்டது. அப்பா தோரணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசில் அதிகமாகியது. இரண்டு தடவை தவறியவர் மூன்றாவதுக்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அப்போது காகிதங்கள் தொங்கின. அப்பா வில்லைத் தூக்கியதும் அம்பு போனதும் ஒன்றாக நடந்தன. அது பறக்கும்போதே தோரணம் மறுபடி ஒரு தடவை அசைந்தது.

அந்த அம்பு மாமாவின் இடுப்பருகே குத்தியது. இரத்தம் தெரியவில்லை. ஆனால் மாமாவின் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. கைதட்டல் இடிபோலக் கிளம்பியது. திரை இறங்கியது.

நான் அம்மாவின் கையை உதறிவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். மாமா இன்னும் மரத்தில் கட்டப்பட்டே இருந்தார். மூன்றாவது அம்பு அவருடைய வேட்டியின் மடிப்பை வாழைத்தண்டோடு சேர்த்துத் தைத்திருந்தது. அப்பா கவசத்தோடு அவர் முன்னால் மண்டியிட்டு, அம்பைப் பிடுங்கிவிட்டு, துணியை விலக்கி மாமாவின் இடுப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டுச்சா?"

"இல்ல மச்சான்."

"நெஜமா சொல்லு."

"இல்லன்றன்ல. துணிதான். காத்தா?"

"காத்துதான்."

"அதுக்குத்தான் வில்ல எறக்கினியா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், அங்கேயே மேடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன். மாமா கட்டிய கைகளோடு மேலிருந்து, "ஏ மச்சான், குந்திகினா இன்னா அர்த்தம்? அவுத்து வுடு, கை மரத்துப்போச்சு" என்றார். மாஸ்டரிடம் சொல்லி அனுப்பவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும்தான்.

மாஸ்டர் வேறு கோபத்தோடு வந்து சேர்ந்தார். "இன்னாபா இது! அம்பு வரும்போது செபஸ்தியார் கண்ண ஒசத்தி வானத்தப் பாக்கணும்னு எத்தினி தபா சொன்னேன்? கோயில் சொரூபத்துலகூட அப்டித்தான கீது? மூணு அம்புக்கும் நீ உன் மச்சானையே பாத்துகினு நின்ன. ஒரு தபாகூடக் கண்ணு இப்டி அப்டி போவல!"

"மறந்துட்டேன் மாஸ்டர்" என்றார் மாமா.

திங்கட்கிழமை பள்ளியில், நாடகம் பார்க்க வராத என் தோழி நடந்ததையெல்லாம் கேட்டாள். எங்கள் அப்பா மூன்று அம்பையும் தவறவிட்டார், எங்கள் மாமா நடிப்பை மறந்துவிட்டார் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். இருவருக்காகவும் எனக்கு வெட்கமாக இருந்தது.